லென்ஸில் இல்லாத பூஞ்சை

என் வீட்டுக்காரருக்குப் பேரம் பேச வராது. வராது என்றால் சுத்தமாக வராது. கடைக்காரர் ஒரு விலை சொன்னால், "அவ்வளவுதானா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிற ரகம். லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் இரும்புக் கயிறுமாகக் கிடந்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சோபா ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, போனில் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வேறு எதையாவது பார்த்தாலும் சண்டை போட ஒரு காரணம் கிடைக்கும். இவர் பார்ப்பது ஷட்டரையும் லென்ஸையும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் படுக்கையறை அலமாரியில் என் புடவைகளுக்கு ஒரு தட்டு, கேமராக்களுக்கு மூன்று தட்டு. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். பேசினால் எனக்குக் கோபம் வரும், இந்தக் கதையில் கோபப்படுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

நான் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். பட்டன், ஜிப், நூல், லேபிள் எதுவும் என் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. இந்த வேலையில் சரக்கைக் கையில் எடுத்ததும் முகத்தைச் சுளிக்கத் தெரிய வேண்டும். வெண்ணெய் மாதிரி ஓடுகிற ஜிப்பாக இருந்தாலும் இழுத்துப் பார்த்து, "என்னங்க, மாட்டுதே?" என்று கேட்க வேண்டும். மாட்டவில்லை என்று விற்கிறவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் கொஞ்சம் இறங்குவார், நான் கொஞ்சம் ஏறுவேன், நடுவில் டீ வரும். இதைப் பொய் என்று எங்கள் தொழிலில் யாரும் நினைப்பதில்லை.

அதனால் வீட்டிலும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கேமராவைத் தேடிப் பிடிப்பது அவர், விலை பேசுவது நான். பழைய சாமான் விற்கிற ஆப்பில் அவருடைய கணக்கிலேயே, அவராகவே எழுதுவேன். "எனக்கு அதைப் படிச்சாலே சங்கடமா இருக்கும், நீயே முடிச்சிரு" என்று அவர் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். அவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அந்த வட்டாரத்து வார்த்தையெல்லாம் எனக்கும் அத்துபடி. அதில் எனக்குப் பிடித்த வார்த்தை பூஞ்சை. கேமராவை ஈரமான இடத்தில் வைத்துவிட்டால் லென்ஸுக்கு உள்பக்கம் மெல்லிய இழை இழையாகப் படருமாம். அது வந்துவிட்டால் கேமராவின் மதிப்பு பாதிக்கும் கீழே. விற்கிறவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டாலே விலையில் இறங்கிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்தது ஓர் இரட்டை லென்ஸ் கேமராவுக்கு. முன்பக்கம் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிற மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பது போலக் குனிந்து பார்க்க வேண்டும். கறுப்புத் தோல் போர்த்தியது எல்லாச் சேகரிப்பாளரிடமும் இருக்குமாம். சாம்பல் நிறத் தோல் போர்த்தியதுதான் கிடைக்காதாம். எனக்கு இரண்டும் ஒரே டப்பாதான்.

ஒரு சாயங்காலம் அவர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். "கெடச்சிருச்சு! அதுவும் நம்ம ஊர்லயே!" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். பூப்போட்ட படுக்கை விரிப்பின் மேல் சாம்பல் நிறக் கேமரா. ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ. விற்கிறவரின் படம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன் நின்றது. கீழே எழுதியிருந்தார்: 'அப்பா கொடுத்தது. கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறேன். வேறு ஒரு சாமான் வாங்க வேண்டியிருப்பதால் விற்கிறேன்.'

"இது நியாயமான விலை. சொல்லப்போனா கம்மி. இதுக்குப் போயி பேரம் பேசாத" என்றார் இவர்.

நியாயமான விலைக்கு வாங்குவதென்றால் அப்புறம் நான் எதற்கு இருக்கிறேன்? அவர் குளிக்கப் போன நேரத்தில் வேன்காரருக்கு எழுதினேன். 'படத்தைப் பார்த்தேன். கீழ் லென்ஸுக்கு உள்ளே பூஞ்சை இருக்கிறது. டார்ச் அடித்துப் பாருங்கள், நூல் மாதிரி தெரியும். பல வருடமாகச் சேர்க்கிறேன், எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.' கூடவே நன்றாகக் குறைத்து ஒரு விலையும் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பதில் வந்தது. 'டார்ச் அடித்துப் பார்த்தேன் சார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?'

'பழக்கமில்லாத கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்' என்று தட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஜிப்காரரிடம் சொல்வதுதான். "நம்பலன்னா உங்க ஆளையே கூப்பிட்டு இழுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்போம். அவர் சிரிப்பார், விலை இறங்கும்.

சாயங்காலம் அடுத்த பதில். 'வீட்டுக்காரி பார்த்தாள் சார். இருக்கிறது என்கிறாள். நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.'

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இல்லாத பூஞ்சையைப் பார்த்தாளாமே ஒருத்தி! நம் வாய்க்கு இவ்வளவு சக்தியா என்று ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இவருக்கு உடனே போக நேரம் வாய்க்கவில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மாற்றுகிற வேலை சில வாரம் இழுத்தது. முடிந்தது என்று நினைத்த அன்றைக்கு இன்னோர் இடத்தில் லிஃப்ட் நடுமாடியில் நின்றுவிட்டதாகக் கூப்பிட்டார்கள். "நீயே போயி வாங்கிட்டு வந்துரும்மா, இதுக்கு மேல தள்ளிப்போட்டா வேற யாராவது தட்டிட்டுப் போயிருவாங்க" என்றார். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பழைய அடுக்குமாடிக் கட்டடம். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மஞ்சள் வேன் நின்றது. மேலே நீல நிறத் தார்ப்பாய் போட்டு நாலு மூலையும் கயிறு கட்டியிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒருவேளை வேன் ரிப்பேரோ என்று நினைத்துக்கொண்டே மாடியேறினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. என்னைவிட மூத்தவர், ஒல்லியான உடம்பு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "வாங்க வாங்க" என்றார். வேன்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நல்ல பருமன். எங்கேயோ கிளம்பப் போகிறவர் போலச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஆனால் எங்கேயும் கிளம்புவதாகத் தெரியவில்லை.

"சார் வரலையாம்மா?" என்று என் பின்னால் எட்டிப்பார்த்தார். "அவரை நேர்ல பாத்து ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"நன்றியா? எதுக்குங்க?"

"உக்காருங்க, சொல்றேன். டீ எடுத்துட்டு வா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கீழ நிக்குதே வேன், அது நம்மளுதுதான். ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறது. கொஞ்ச நாள் முன்னாடி ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு சின்னப் பொண்ணு பின்னாடி வந்துட்டா. தண்ணி பாட்டில் உருண்டு போச்சுன்னு எடுக்கக் குனிஞ்சிருக்கா. கண்ணாடியில தெரியல. யாரோ கத்தினாங்க, பிரேக்கை அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. பாட்டில்தான் நசுங்கிச்சு." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "வேனுக்குப் பின்னாடி ஒரு கேமரா மாட்டிட்டா முன்னாடி திரையில எல்லாம் தெரியும்னாங்க. அதை வாங்கத்தான் இதை விக்கப் போட்டேன். அப்பா குடுத்ததுதான், இருந்தாலும் ஒரு கேமராவைக் குடுத்து இன்னொரு கேமரா, என்ன போச்சு?"

எனக்கு அப்போதே லேசாக உறுத்த ஆரம்பித்தது. விலையைக் குறைத்துவிட்டோமே, அந்தச் சாமானுக்கு இது போதுமோ என்னவோ என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் போயிற்று.

"அப்பதான் சார் பூஞ்சைன்னு சொன்னாரு. டார்ச் அடிச்சுப் பாத்தேன். வெயில்ல வச்சுப் பாத்தேன். பூதக்கண்ணாடி வாங்கிட்டு வந்தும் பாத்தேன். ம்ஹூம். இவளைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவைதான் பாத்தா. இருக்குன்னுட்டா." அவர் சிரித்தார். "அப்பதாம்மா எனக்கு உறைச்சுது. கேமராவுல என்ன இருந்தா என்ன, கோளாறு என் கண்ணுல. பாத்த உடனே அவருக்குத் தெரியுது, இவளுக்குத் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலன்னா? அந்தப் பொண்ணும் கண்ணாடியில இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியல."

"டாக்டர்கிட்ட காட்டலாம்ல?" என்றேன்.

"காட்டினேனே. செவுத்துல எழுத்தைத் தொங்கவிட்டு வாசிக்கச் சொன்னாரு. வாசிச்சேன். நல்லா இருக்குன்னாரு. அந்த எழுத்து எவ்வளவு பெருசு! நூல் மாதிரி இருக்கறதுல்ல தெரியணும்? நான் ஏத்தறது ஊரான் பிள்ளைங்கம்மா. ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, என் கண்ணு சரியில்ல, இனிமே பிள்ளைங்களை என்கூட அனுப்பாதீங்கன்னு நானே சொல்லிட்டு வந்துட்டேன். வேற ஒருத்தர் வேன்ல சேத்தும் விட்டாச்சு. வேனையும் வித்துரலாம்னு ஆள் பாத்துட்டு இருக்கேன்."

டீ வந்தது. டம்ளரை வாங்கும்போது கொஞ்சம் என் கையில் கொட்டிவிட்டது. அந்த அக்கா துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"சார் மட்டும் சொல்லலன்னா நான் பாட்டுக்கு ஓட்டிட்டே இருந்திருப்பேன். என்னைக்காவது ஒரு நாள்... அதான், புண்ணியவான்னு நேர்ல சொல்லணும்னு இருந்தேன். நீங்க சொல்லிருங்கம்மா."

சொல்லிவிடு, இப்பவே சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. பூஞ்சையே இல்லை, நான்தான் எழுதினேன், என் வாய்க்கொழுப்பு. இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. ஆனால் ஜிப்பிலும் பட்டனிலும் அப்படி ஆடுகிற என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "டாக்டரே நல்லா இருக்குன்னு சொன்னப்புறம் நீங்க ஏன் குழப்பிக்கறீங்க?" என்று மட்டும் முனகினேன். அவர் என்னைத் தேற்றுவது போலத் தலையாட்டினார். பேசின விலையைக் கொடுத்தேன். கேமராவைப் பழைய துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கிக்கொண்டு வந்தேனே, அதைச் சொல்லுங்கள்.

வீட்டில் இவர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். துண்டைப் பிரித்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. பின்பக்கத்தைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, டார்ச்சை முன்னால் பிடித்துக் குனிந்தார். "அடேங்கப்பா! ஒரு தூசி இல்ல, ஒரு கீறல் இல்ல. தண்ணி மாதிரி இருக்கு. இந்த மனுஷன் இதைக் குழந்தை மாதிரி வச்சிருந்திருக்காரு. வந்து பாரேன்!"

"எனக்குத் தலை வலிக்குது" என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஆபீஸில் பட்டன்காரர் சாம்பிள் கொண்டுவந்து வைத்தார். வழக்கம் போல முகத்தைச் சுளிக்கப் போனவள், "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பயந்தே போய்விட்டார். ரோட்டில் மஞ்சளாக எது போனாலும் திரும்பிப் பார்த்தேன். யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லையே நான், விலைதானே குறைத்தேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். அந்த வக்கீல் தோற்றுக்கொண்டே இருந்தார்.

நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாதவளுக்குப் போன் ஒரு வசதி. மறுபடியும் இவராகவே எழுதினேன். 'கேமராவை நன்றாகச் சோதித்தேன். பூஞ்சை இல்லை. படத்தில் வெளிச்சம் பட்டு எனக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. விலையில் குறைத்ததையும் அனுப்பிவிடுகிறேன்.' முழு உண்மை இல்லை, ஆனால் காரியம் நடந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

உடனே பதில் வந்தது. 'உங்கள் நல்ல மனசு சார். நான் வேன் ஓட்டுவதை விட்டதை மேடம் வந்து சொல்லியிருப்பார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதுகிறீர்கள். ஆனால் என் வீட்டுக்காரியும் பார்த்தாளே. அவள் பொய் சொல்ல மாட்டாள். பணமெல்லாம் வேண்டாம் சார்.'

அதை இரண்டு தரம் படித்தேன். அந்த அக்காவின் ஒரு வார்த்தை மேல் அந்த மனுஷன் அவ்வளவையும் வைத்திருக்கிறார். அந்த வார்த்தையை அக்கா வாயில் திணித்தது நான். 'வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்' என்று எழுதின அதே விரலை வைத்துக்கொண்டு இன்னும் என்னத்தை எழுதுவது?

மறுநாள் இவரிடம் சொன்னேன். அவர் அந்தக் கேமராவின் தோலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நின்றது.

"என் பேர்லயா எழுதின?"

"எப்பவும் உங்க பேர்லதானே எழுதறேன்..."

"விலையைப் பேசுன்னுதானே குடுத்தேன்!" கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. "நான் ஒரு வார்த்தை, 'சரியா இருக்கு'ன்னு சொன்னா, அதை நம்பி ஜனங்க லிஃப்ட்ல ஏறுறாங்க. குழந்தையைத் தூக்கிட்டு ஏறுறாங்க. என் பேருக்கு அதுதான்டி மதிப்பு. அதை எடுத்து நீ... அங்க போயி, அவரு வாயால கேட்டுட்டு, டீயையும் குடிச்சிட்டு, எப்படி வந்த நீ?"

டீயைக் குடிக்கவில்லை, கொட்டிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சே, என்ன ஜென்மம் நான்.

அவர் கேமராவைத் துண்டில் சுற்றினார். டார்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கிளம்பு" என்றார்.

வேன்காரர் வீட்டுக்குப் போனோம். வேன் அதே இடத்தில் நின்றது. மாடியேறி அவர்தான் கதவைத் தட்டினார். வேன்காரர் திறந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவர் யார் என்று புரிந்துகொண்டு, இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார்! வாங்க சார்!" என்றார். இவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். அந்த அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி டீ வந்துவிடும் என்று பயம். நின்ற வாக்கிலேயே சொன்னேன். "உங்களுக்கு எழுதினது இவரு இல்லைங்க. நான். பூஞ்சைன்னு சொன்னது பொய். படத்தைக்கூட நான் சரியாப் பாக்கல. விலையைக் குறைக்கறதுக்கு அப்படித்தான் சொல்லுவோம், பழக்கம். அன்னிக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. நேத்து எழுதினதும் நான்தான். உங்க கண்ணு நல்லா இருக்குங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க."

வேன்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்களாக்கும்? மனசு கஷ்டப்படுமேன்னு... வேணாம்மா. நான் பழகிட்டேன்."

"தேத்தறதுக்கு வரலங்க" என்றார் இவர். மேஜை மேல் கேமராவை வைத்து, பின்பக்கம் திறந்து, ஷட்டரைத் திறந்து நிறுத்தினார். டார்ச்சை முன்னால் பிடித்தார். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியல. கண்ணாடிதான் தெரியுது. உங்களுக்கு என்ன தெரியுதுன்னு பாருங்க."

வேன்காரர் குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கேமராவைச் சாய்த்துப் பார்த்தார். மறு கண்ணால் பார்த்தார். அவர் தோள் மெல்லத் தளர்வதை நான் கவனித்தேன். நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்லியே" என்றார். நிமிர்ந்தார். "சுத்தமா இருக்கே." ஒரு நிமிஷம் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது போல இருந்தது. அப்புறம் அவர் சமையலறை வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

"நீ பாத்தேன்னியே?"

அந்த அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் மாதிரி இருக்குன்னியே. ஓரத்துல இருக்குன்னு கையைக்கூட வச்சுக் காட்டினியே."

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க" என்றார் அக்கா. "அவங்க அவ்வளவு உறுதியா எழுதியிருந்தாங்க. எனக்குத்தான் பாக்கத் தெரியல போலன்னு நினைச்சேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு தெரியுதா தெரியுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. சரி, வித்துட்டா வேனுக்குக் கேமரா வந்துருமேன்னு, ஆமான்னுட்டேன். இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

"அதுக்கப்புறம்? ஒவ்வொரு வீடாப் போயி சொல்லிட்டு வந்தேனே, அப்ப?"

"அன்னிக்குத்தானேங்க நீங்க தூங்கினீங்க." அக்கா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு பின்னாடி வந்த நாள்ல இருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல உங்களுக்கு. கத்திக்கிட்டு எந்திரிப்பீங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்து படுத்தீங்க, அப்படியே தூங்கிட்டீங்க. அதைப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்லுவேன்? வேன் போனா போகுதுன்னு இருந்துட்டேன்."

வேன்காரர் கேமராவின் பின்பக்கத்தை மூடினார்.

"டாக்டர் நல்லா இருக்குன்னாரு. நம்பலையே நான்" என்றார். கத்தவில்லை, கணக்குச் சரிபார்ப்பது போல நிதானமாகச் சொன்னார். "என் கண்ணையே நான் நம்பல. உன் கண்ணை நம்பினேன். ரோட்டைத் தாண்டறப்பகூட உன் கையைத்தானே புடிச்சிக்கிட்டு வந்தேன்."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வீட்டுக்கெல்லாம் நாங்களே வந்து சொல்றோங்க" என்றேன் நான். "உங்க கண்ணு நல்லா இருக்குன்னு, தப்பு என்னோடதுன்னு, ஒவ்வொரு வீட்லயும் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபமே இல்லை. "கண்ணு சரியில்லன்னு வந்து சொன்ன டிரைவர்கிட்ட எந்தத் தாய் திரும்பவும் பிள்ளையை அனுப்புவா? நீங்களா இருந்தா அனுப்புவீங்களா?"

நானாக இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

"நீங்க கிளம்புங்கம்மா. வியாபாரம்னா நாலும் சொல்லுவாங்க. உங்களை நான் ஒண்ணும் நினைக்கல" என்றார். இவர் கேமராவை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் அதைத் துண்டில் சுற்றி, இவர் கையிலேயே திருப்பி வைத்தார். "வித்தது வித்ததுதான் சார். நல்ல கேமரா. பத்திரமா வச்சுக்கோங்க." அப்புறம் கதவு வரைக்கும் வந்து எங்களை அனுப்பிவைத்து, மெல்லச் சாத்திக்கொண்டார்.

என்னை மன்னித்துவிட்டார். பஸ்ஸில் காலை மிதித்தவளை மன்னிப்பது போல, அவ்வளவு லேசாக. நான் யார் அவருக்கு, கோபித்துக்கொள்ள?

படிக்கட்டில் என்னால் இறங்க முடியவில்லை. இவர் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இரண்டு படி கீழே நின்றார். உள்ளே அவர் இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தட்டும், நாலு பாத்திரத்தையாவது தூக்கிப் போடட்டும், அந்த அக்கா திருப்பிக் கத்தட்டும், 'உங்களுக்காகத்தானே சொன்னேன்' என்று அழட்டும். சண்டை போட்டுவிட்டால் எப்படியாவது சரியாகிவிடும். காதைக் கதவில் வைக்காத குறையாக நின்றேன்.

ரொம்ப நேரம் நின்றோம். உள்ளே யாரும் பேசவில்லை.